போனை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போகும் ஊர்

விருதுநகரில் இறங்க வேண்டிய நான் சாத்தூரில் இறங்கினேன். மதுரையில் பேருந்து ஏறியதுமே வந்த தூக்கம்தான் காரணம். நடத்துநர் என் இருக்கைக் கம்பியைத் தட்டி, "ஏக்கா, விருதுநகர் தாண்டி எம்புட்டு நேரமாச்சு! எறங்கலையா?" என்று எழுப்பியபோது ஜன்னலுக்கு வெளியே ஒருவர் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். நடத்துநரே என் பெட்டியை இறக்கி வைத்தார். "எதுத்தாப்புல போயி நில்லுங்க. விருதுநகர் வண்டியா வரும். ஏறினதும் மறுபடி தூங்கிராதீக."

எதிர்ப்பக்கம் பேருந்து வரவில்லை. சேவுக் கடை இருந்தது. கடைக்கார அம்மாள் ஒரு கை சேவை அள்ளித் தாளில் வைத்து நீட்டினார். பூண்டும் மிளகாயும் சேர்ந்த காரம். கண்ணில் நீர் வந்தது. "வெளியூரா? தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்று சொம்பைக் கொடுத்தார். மலேசியா என்றேன். உடனே அடுத்த கேள்வி: "பூர்வீகம் எந்த ஊரு?" தெரியாது என்றேன். அவரால் அதை நம்ப முடியவில்லை. அடுத்த ஐந்து நாட்களில் அந்தக் கேள்வியை இருபது பேராவது கேட்டிருப்பார்கள்.

என் ஊர் ஈப்போ. பதினோரு வருடம் தமிழ்ப்பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது கோலாலம்பூரில் ஓர் அறக்கட்டளையில் இருக்கிறேன். இணையத்தில் குழந்தைகளுக்கு எதிராக நடக்கும் குற்றங்களை விசாரிக்கும் காவல் பிரிவுகளுக்கு நாங்கள் நிதி கொடுக்கிறோம். அந்தந்த அரசின் அனுமதியோடு, உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்றின் வழியாகப் போகும் நிதி. விண்ணப்பம் வந்த ஊருக்கு ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று எழுத வேண்டும். தமிழ் தெரியும் என்பதால் இந்த முறை என்னை அனுப்பினார்கள்.

அன்று மாலை ஒருவழியாக விருதுநகர் வந்து சேர்ந்து, விடுதிக்குப் பக்கத்திலேயே எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஊர் ரொட்டி சானாய் மெத்தென்று இருக்கும், கிழித்துச் சாப்பிடலாம். இது எண்ணெயில் முங்கி எழுந்து மொறுமொறுவென்று இருக்கிறது. நான் ஓரத்தைப் பிய்த்து சால்னாவில் தொட்டுக்கொண்டிருந்ததைப் பரிமாறுபவரால் பொறுக்க முடியவில்லை. "அப்பிடி இல்லக்கா" என்று சொல்லி, என் இலையில் இருந்த பரோட்டாவை ஒரே அழுத்தில் நொறுக்கி, மேலே சால்னாவை ஊற்றிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை சூலக்கரைப் பக்கம் ஆட்டோவில் போனேன். நான் பார்க்க வேண்டிய காவல் பிரிவுக்கு அங்கே மாடியில் ஓர் அறை. மூன்று மேசை, இரண்டு கணினி, ஓர் இரும்பு அலமாரி. வாசலிலேயே நின்றிருந்தார் சப்-இன்ஸ்பெக்டர் முத்துமாரி. முப்பத்தைந்து வயதிருக்கும். காக்கி உடையில் விறைப்பாக நின்றவர், வாய் திறந்ததும் வேறு ஆளாகிவிட்டார். "வாங்க மேடம். சாப்பிட்டீகளா? இட்லி வாங்கியாரச் சொல்லட்டா?"

எங்கள் ஊரில் இதையே பசியாறியாச்சா என்று கேட்போம். ஆச்சு என்றேன்.

உள்ளே கணினியின் முன் இருந்தவர் தலைமைக் காவலர் காதர். அதிகம் பேசாதவர். குடும்பமே மல்லி, வத்தல் வியாபாரம். இவர் ஒருவர்தான் போலீஸுக்கு வந்தவர் என்று முத்துமாரி சொன்னார்.

விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தேன். எழுபது பக்க ஆங்கிலம். தொண்டு நிறுவனம் ஓர் ஆலோசகரை வைத்து எழுதி வாங்கியது. சமூக வலைத்தளங்களை எல்லாம் தானே சலிக்கும் மென்பொருள் ஒன்றும், சுவர் முழுக்கப் படம் காட்டும் பெரிய திரை ஒன்றும் அதில் கேட்கப்பட்டிருந்தன. முத்துமாரி ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துப் படித்தார். திரை வரும் பக்கத்தில் விரல் நின்றது.

"இத யாரு மேடம் கேட்டது?"

"நீங்கள்தான். உங்கள் பிரிவுக்குத்தான்."

"நாங்களா?" என்று காதரைப் பார்த்தார். காதர் நாலு சுவரையும் ஒருமுறை பார்த்தார். "இத மாட்டணும்னா அலமாரிய வெளிய போடணும்" என்றார்.

மூவருமே சிரித்துவிட்டோம். எனக்குத்தான் சிரிப்பு சீக்கிரம் நின்றது. கேட்டவர்களுக்கே தெரியாத விண்ணப்பம் என்றால் நான் நிராகரிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் என் அறிக்கை போயாக வேண்டும், அன்று செவ்வாய்.

அலமாரியில் என்ன இருக்கிறது என்று சும்மா கேட்டேன். திறந்து காட்டினார். கோப்புகளுக்கு நடுவில் மடித்துவைத்த ஒரு பூப்போட்ட சுடிதார். "பிள்ளைக வாக்குமூலம் குடுக்க வரும்போது யூனிபார்ம்ல இருக்கக் கூடாதுங்க. இத மாட்டிக்கிடுவேன்." காலர் ஓரம் வெளுத்திருந்தது.

"இந்த எழுபது பக்கத்தை விடுங்கள். உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும்?"

முத்துமாரி அலமாரியை மூடினார். "நாளைக்கு என்கூட ஒரு எடத்துக்கு வாறீகளா மேடம்? ஒருத்தவுக உங்கட்டப் பேசணும்னு சொல்றாக. அவுக பேசட்டும். பொறவு நான் சொல்றேன்."

புதன்கிழமை முத்துமாரி அந்தச் சுடிதாரிலேயே வந்தார். ஜீப் இல்லை. போலீஸ் வண்டி ஒரு வீட்டின் முன் நின்றால் அந்தத் தெருவுக்கே கதை தெரிந்துவிடும் என்றார். சிவகாசிக்குப் பெரிய பேருந்து, அங்கிருந்து மினி பஸ். நான் அவருடைய சொந்தக்காரி, மலேசியாவில் இருந்து வந்திருக்கிறேன் என்று ஏற்பாடு.

மினி பஸ்ஸில் இந்தப் பொய் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. பக்கத்து இருக்கைப் பெண், "சித்தி மகளா, பெரியம்மா மகளா?" என்று கேட்டார். நான் சித்தி என்றேன். அதே நேரத்தில் முத்துமாரி பெரியம்மா என்றார். அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நல்லவேளையாக அப்போது வண்டி ஒரு கருவேலங்காட்டு ஓரத்தில் நின்றுவிட்டது. டயர் பஞ்சர். ஓட்டுநர் இறங்கி, "அரை மணி நேரம் ஆகும். நடக்கிறவுக நடங்க" என்றார். எல்லாரும் ஒரு சொல் பேசாமல் நடக்கத் தொடங்கினார்கள். எங்கள் ஊரில் இதற்குள் பத்துப் பேர் புகார் எழுதியிருப்பார்கள்.

வெயில் மண்ணிலிருந்து மேலே அடித்தது. பட்டாசுக் கம்பெனிகள் நான் நினைத்ததுபோல் இல்லை. பெரிய கட்டடத்தைத் தேடிக்கொண்டே நடந்தேன். சின்னச் சின்ன வெள்ளை அறைகள்தான், ஒன்றுக்கொன்று எட்டத் தள்ளித் தள்ளி நின்றன. ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் போகக் கூடாது அல்லவா. வாசலில் ஒரு பலகை: தீப்பெட்டி, பீடி, கைபேசி உள்ளே கொண்டுவரக் கூடாது. நாங்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண் வந்தார். அவர் பெயரையும் ஊரையும் மாற்றியே எழுத வேண்டும். பாண்டியம்மாள் என்று வைத்துக்கொள்கிறேன். மகளின் பெயரை எழுதச் சட்டமும் இடம் கொடுக்காது, எனக்கும் மனம் இல்லை. பாண்டியம்மாளின் இரண்டு கையும் மணிக்கட்டு வரை வெள்ளி நிறம். அலுமினியத் தூள். தூக்குவாளியைத் திறந்து, எங்களுக்கும் சோறு இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். எங்களிடம் பொட்டலம் இருப்பதைக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார்.

"உள்ள போன் கொண்டு போகக் கூடாதுங்க" என்று அவர் தொடங்கினார். "அதனால வீட்டுல வச்சிட்டு வந்துருவோம். இங்கன வேல பாக்குற எல்லாப் பொம்பளைகளும் அப்பிடித்தான். காலைல நான் வந்துருவேன், அவுகப்பா லோடு ஏத்தப் போயிருவாரு. லீவு நாள்ல பிள்ள மட்டும் தனியா இருக்கும். போன் துணைக்கு இருக்கட்டும்னு வச்சிட்டு வருவேன்."

அந்தத் துணைக்குள்தான் ஒருவன் வந்தான். தன்னையும் ஒன்பதாம் வகுப்புப் பெண் என்று சொல்லிக்கொண்டு வந்தான். இரண்டு மாதம் தோழியாக இருந்தான். பிறகு ஒரு படம் கேட்டான். அது கையில் கிடைத்ததும் மிரட்டத் தொடங்கினான்.

"சாப்பிடல, பள்ளிக்கூடம் போகல. வயித்து வலின்னா. ஆஸ்பத்திரிக்கெல்லாம் கூட்டிட்டுப் போனேன். ஒருநா வேல முடிஞ்சு வந்து கையக் கழுவிக்கிட்டு இருக்கேன். பின்னால வந்து நின்னு சொன்னா. நான் திரும்பலைங்க. திரும்பினா சொல்றத நிப்பாட்டிருவாளோன்னு, கையக் கழுவிக்கிட்டே கேட்டேன்."

முத்துமாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே பாண்டியம்மாள் வேலைக்கு லீவு போட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு புகார் கொடுக்கப் போயிருக்கிறார். கணவரின் அண்ணன், வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று தடுத்திருக்கிறார். "அசிங்கம் அவனுக்குத்தான, எம் பிள்ளைக்கு என்னன்னு கேட்டுட்டுப் போயிட்டேன்" என்றார். அந்த இடத்தில் மட்டும் அவர் குரல் உயர்ந்தது.

போன் சாட்சிப் பொருள். அதை வேறு ஊரில் இருக்கும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே வரிசை. எட்டு மாதமாகத் திரும்பவில்லை.

"குத்தமா சொல்லலைங்க. ஆனா பள்ளிக்கூடத்துச் சேதி, சம்பளம் ஏறுச்சா இல்லையான்னு எல்லாம் அதுலதான் வரும். அதுகூடப் பரவால்ல. ஒம் போன் எங்கன்னு பக்கத்து வீட்டுல கேக்காக. தொலஞ்சு போச்சுன்னேன். தொலஞ்சா புதுசு வாங்க வேண்டியதுதானன்னு கேக்காக. சீசன் முடியட்டும்னேன். இன்னும் எத்தன நாளைக்கு இதையே சொல்ல? போன் இல்லன்னதுமே என்னமோ நடந்திருக்குன்னு யோசிக்காகல்ல?"

மணி அடித்தது. வாளியை மூடிக்கொண்டு எழுந்தார். "அவன் கெடச்சானாம்மா?" என்று முத்துமாரியிடம் கேட்டார். "தேடிக்கிட்டு இருக்கோம்க்கா" என்றார் முத்துமாரி. பாண்டியம்மாள் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

திரும்பும் வழியில் முத்துமாரி சொன்னார். போனுக்குள் இருப்பதை இங்கேயே முறைப்படி நகல் எடுக்கும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அது இருந்தால் நகலை வைத்துக்கொண்டு, நீதிமன்றத்தில் மனுப் போட்டு, போனைச் சீக்கிரம் திருப்பிக் கொடுத்துவிடலாம். "அது ஒண்ணு இருந்தாப் போதும் மேடம். திரையெல்லாம் வேண்டாம்."

அது வேண்டும்தான். ஆனால் அது மட்டும் போதாது என்பதை வியாழக்கிழமை கண்ணால் பார்த்தேன்.

காலை பத்து மணிக்கு ஒரு தாயும் மகளும் புகார் கொடுக்க மாடி ஏறி வந்தார்கள். முத்துமாரி சுடிதாருக்கு மாறி வந்து, என்னை ஓரமாக உட்காரச் சொல்லி அவர்களிடமும் என்னைப் பற்றிச் சொல்லிச் சம்மதம் வாங்கினார். முதலில் அந்தத் தாய் கேட்டது ஒரே கேள்வி: "போன வாங்கி வச்சிக்கிடுவீகளா?"

முத்துமாரி பொய் சொல்லவில்லை. "ஆமாக்கா. திரும்பக் கெடைக்க நாளாகும்."

அந்தத் தாய் போனைச் சேலை முந்தியில் சுற்றிக்கொண்டு எழுந்துவிட்டார். "அப்ப வேண்டாம்மா. நாங்க நம்பர மாத்திக்கிடுதோம். இது இல்லாம எங்களுக்கு ஓடாது." மகள் அலமாரிப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அம்மா கையைப் பிடித்து இழுத்தார், அவள் நகரவில்லை. அழவும் இல்லை. சும்மா நின்றாள்.

முத்துமாரி தன் மேசை இழுப்பறையைத் திறந்து, தன்னுடைய சொந்த போனை எடுத்தார். அதிலிருந்த சிம்மைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனை நீட்டினார். "உங்க சிம்ம இதுல போட்டுக்கிடுங்க. உங்க போன் வர்ற வரைக்கும் இது உங்களோடது. பக்கத்து வீட்டுல கேட்டா, மாத்திட்டோம்னு சொல்லுங்க."

அந்தத் தாய் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். மகளும் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

நான் வெளியே வந்துவிட்டேன். காதரும் வந்தார். "எஸ்.ஐ. அம்மா இப்பிடிக் குடுக்கிற மூணாவது போன் மேடம் இது" என்றார். "மொதல்ல அவங்க வீட்டுக்காரர் போன். அடுத்து தம்பி போன். இனி வீட்டுல குடுக்க ஒண்ணும் இல்ல."

மதியம் காதர் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனார். நெய்ச்சோறும் தால்ச்சாவும். அவர் மனைவி எனக்குப் பரிமாறிக்கொண்டே இருந்தார். நான் இலையை மறைக்க மறைக்கச் சோறு விழுந்தது. இரண்டு சின்னப் பெண் குழந்தைகள், மூன்று வயதும் ஐந்து வயதும், கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தார்கள். அப்பாவிடம் ஓடி வரவில்லை. எனக்கு அது வித்தியாசமாகத் தெரிந்தது.

காதர் கை கழுவப் போனபோது அவர் மனைவி மெதுவாகச் சொன்னார். "ஆபீஸ்ல இருந்து வந்தா குளிக்காம பிள்ளைகளத் தொட மாட்டாக. குளிச்சிட்டும் கொஞ்ச நேரம் தள்ளித்தான் உக்காருவாக. பிள்ளைகளுக்கும் பழகிருச்சு. அங்கன என்னத்தப் பாக்குறாகன்னு நான் கேட்டதில்ல. அவுகளும் சொன்னதில்ல."

வழக்குகளில் வரும் பிள்ளைகளின் படங்களைச் சாட்சிக்காக ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதிவு செய்வது காதரின் வேலை. அவர் அதை யாரிடம் சொல்வார்? எழுபது பக்க விண்ணப்பத்தில் அதற்கு ஒரு வரி இல்லை.

மாலை நான்கு மணிக்கு விடுதியிலிருந்து எங்கள் இயக்குநர் திருமதி லிம்மை அழைத்தேன். பேச்சு தொடங்கிய நிமிடத்தில் கரண்ட் போனது. படிக்கட்டுப் பக்கம் சிக்னல் வருமென்று விடுதிக்காரர் சொன்னதால், படியில் உட்கார்ந்து மீதியைப் பேசினேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"நகல் கருவி சரி. காவலர்களுக்கு மனநல ஆலோசகர் என்பதும் புரிகிறது. ஆனால் இரவலாகக் கொடுக்கக் கைபேசிகளா? தனி ஆளுக்குப் பொருள் கொடுப்பதில்லை என்பது நம் விதி."

"தனி ஆளுக்கு இல்லை. பிரிவின் பொருள். போகும், திரும்பி வரும்."

"திரும்பி வராவிட்டால்?"

"ஒன்றிரண்டு வராது."

அந்தப் பக்கம் அவர் விசைப்பலகையில் தட்டும் சத்தம் கேட்டது.

"அந்தப் பெண் எழுந்துவிட்டாள் என்றாய். போன் கொடுத்ததும் உட்கார்ந்தாளா?"

"உட்கார்ந்தாள்."

"அப்படியானால் நீ பார்த்ததை எழுது. விதியைப் பார்ப்பது என் வேலை. அதை நீ செய்யாதே."

வெள்ளிக்கிழமை காலை பழைய விண்ணப்பத்தைத் தொண்டு நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதன் பொறுப்பாளர் முதலில் முகம் சுளித்தார். ஆலோசகர் என்ன நினைப்பார் என்று கவலைப்பட்டார். ஆனால் முத்துமாரி எழுதிய புது விண்ணப்பத்தைப் படித்ததும் கையெழுத்திட்டார். ஒரே பக்கம், தமிழில். முதல் வரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: 'எங்கள் பகுதியில் தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது.' அதை ஆங்கிலத்தில் மாற்ற எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. வார்த்தைகள் எளிதுதான். முத்துமாரி பக்கத்தில் உட்கார்ந்து, "அழகா எல்லாம் எழுத வேண்டாம் மேடம், சரியா எழுதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அன்று மாலை மதுரைப் பேருந்தில் என்னை ஏற்றிவிட்டபோது அவர் கையில் போன் இல்லை. போய்ச் சேர்ந்ததும் சேதி சொல்லுங்கள் என்றார். பிறகு அவரே சிரித்து, "காதர் போனுக்கு அனுப்புங்க" என்றார்.

முடிவு வர நான்கு மாதம் ஆனது. நகல் கருவிக்கு நிதி கிடைத்தது. இரவல் போன்களுக்கும் கிடைத்தது. ஓராண்டுக்குச் சோதனையாக என்ற நிபந்தனையோடு. மனநல ஆலோசகருக்குக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று குழு எழுதிவிட்டது. இதைக் காதரிடம் நானே சொல்ல வேண்டும் என்று அழைத்தேன். "பரவால்ல மேடம். போன் வந்துருச்சுல்ல" என்றார். எனக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை. அடுத்த ஆண்டுக்கான குறிப்பை அன்றே எழுதிவைத்தேன்.

பாண்டியம்மாளின் போன் ஆய்வகத்திலிருந்து வந்துவிட்டது. அதில் கிடைத்த தடயத்தை வைத்து அவனை வேறு மாநிலத்தில் பிடித்தார்கள். வழக்கு நடக்கிறது. மகள் பள்ளிக்குப் போகிறாள்.

போன மாதம் முத்துமாரியிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. ஒரு பெண், பள்ளிச் சீருடையோடு, தனியாகப் பேருந்து ஏறி வந்திருக்கிறாள். அம்மா கம்பெனிக்குப் போனதும் வீட்டிலிருந்த போனை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாளாம். முத்துமாரி ஆள் அனுப்பி அம்மாவை வரவழைத்த பிறகுதான் விசாரணை தொடங்கினார். "அவங்க அம்மா வர ரெண்டு மணி நேரமாச்சு மேடம். அது வரைக்கும் எங்கூட உக்காந்து இட்லி சாப்பிட்டா."

யார் சொல்லி இங்கே வந்தாய் என்று அவளிடம் கேட்டிருக்கிறார். யாரும் சொல்லவில்லை, பள்ளியில் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள் என்றாளாம்.

"நான் வர்றதுக்கு முன்னாடியே வந்து மாடிப்படியில நின்னுச்சு மேடம்" என்று முடிகிறது அந்தச் செய்தி. "என்னையப் பாத்ததும் வணக்கம்கூடச் சொல்லல. போன நீட்டுச்சு. 'இத வச்சிக்கிட்டா வேற குடுப்பீகளாமே, அம்மா திட்ட மாட்டாகள்ல?'ன்னு கேட்டுச்சு."